காசமா? புற்றா? – குடலில் எழும் ஒரு குழப்பம்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவர் ஒருவர்)

முன்னுரை

நம் வீடுகளில் இரண்டு நோய்களின் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஒன்று காசநோய், மற்றொன்று புற்றுநோய். 'அந்த வியாதி' என்று குரலைத் தாழ்த்திக் கூறுவதே வழக்கம். இவ்விரண்டுள் முன்னது கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது. பின்னது உடலின் சொந்தச் செல்களே கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் வருவது. பெரும்பாலும் அறுவை மருத்துவம் வேண்டுவது. தோற்றத்திலும் தீர்விலும் இவ்வளவு வேறுபட்ட இரு நோய்களும் குடலுக்குள் புகுந்துவிட்டால் ஒன்றன் வேடத்தை மற்றொன்று பூண்டு வரக்கூடும். சில வேளைகளில் இரண்டும் சேர்ந்தே குடியிருக்கவும் கூடும். சென்ற ஆண்டு வரை இவ்வுண்மையை நான் அறியேன். அறிய நேர்ந்த வரலாற்றையும், அதன்பின் எங்கள் துறை ஆசிரியர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெரிந்துகொண்டவற்றையும் இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

ஓர் அறிக்கையும் என் அவசரமும்

என் தாய்மாமன் கைத்தறி நெசவாளர். வயது 54. தந்தையை இழந்த எனக்குக் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கட்டி வருபவர் அவரே. சென்ற ஆண்டு அவர் உடல் நான்கே மாதங்களில் பாதியாக இளைத்தது. வலது அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி. மாலையானால் இலேசான காய்ச்சல். ஒரு நாள் வயிற்றுப்போக்கு, மறுநாள் மலச்சிக்கல். வயிற்றை அழுத்திப் பார்த்த மருத்துவர் அங்கே கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படுவதாகக் கூறி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. மாமா, அத்தை, அம்மா அனைவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். பெருங்குடலின் தொடக்கத்தில் சுவர் தடித்துக் கட்டி போல் இருப்பதாகவும், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்கள் பெருத்திருப்பதாகவும் எழுதியிருந்தது. அடுத்த வரியில் புற்றுநோய் என்ற சொல் கண்ணில் பட்டது. படித்தவன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. "மாமாவுக்குக் கேன்சர் என்று போட்டிருக்கிறது" என்று கூறிவிட்டேன்.

அன்றிரவு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தறிகளை விற்பதற்கு ஆள் பார்க்கும்படி அத்தை சொல்லியனுப்பினார். மகளின் திருமணத்தை அடுத்த மாதமே முடித்துவிட வேண்டும் என்று மாமா சம்பந்தி வீட்டாரிடம் பேசினார். மூன்று நாள்கள் அவர் சரியாக உணவு கொள்ளவில்லை. "எனக்குச் செலவு செய்யாதீங்க. இருக்கிறதை மாப்பிள்ளை படிப்புக்கு வையுங்க" என்றார். மாப்பிள்ளை என்று அவர் குறிப்பிட்டது என்னைத்தான்.

நான்காம் நாள் மாமாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மூத்த மருத்துவர் அறிக்கையை ஊன்றிப் படித்துவிட்டு, "புற்றுநோய் என்று யார் சொன்னது?" என்றார். நான் என்னைக் காட்டினேன். "கடைசி வரி வரை படித்தாயா தம்பி?" என்று கேட்டு அறிக்கையை என்னிடம் நீட்டினார். படித்தேன். 'புற்றுநோயாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம், திசுச் சோதனையுடன் ஒப்பிட்டு முடிவு செய்க' என்பதே அதன் பொருள். 'இருக்கலாம்' என்ற சொல்லையும் அதற்குப் பின் வந்த அனைத்தையும் நான் விழுங்கியிருந்தேன்!

இரு நோய்களும் சந்திக்கும் இடம்

நம் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. பெருங்குடலின் நீளம் சுமார் 1½ மீட்டர். இவ்விரண்டும் சேரும் சந்தி வலது அடிவயிற்றில் உள்ளது. அச்சந்தியில் ஒருவழிக் கதவு போன்ற வால்வும், அதையடுத்துச் சீக்கம் என்னும் பையும், அதிலிருந்து தொங்கும் குடல்வாலும் அமைந்துள்ளன. விலங்கியல் செய்முறை வகுப்பில் முயலின் நீண்ட சீக்கத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு இவ்விடம் புதிதன்று.

குடற்காசம் மிகுதியாகத் தாக்குவது இச்சந்தியைத்தான். காரணங்கள் உண்டு. உணவுக்கூழ் இங்கே நெடுநேரம் தங்குகிறது. ஆகவே கிருமிகளுக்கும் குடற்சுவருக்கும் நீண்ட தொடர்பு ஏற்படுகிறது. மேலும், நிணநீர்த் திசு இவ்விடத்தில் செறிந்துள்ளது. கிருமியைப் பிடிக்க வைத்த காவல் நிலையம் போன்றது அத்திசு. ஆனால் காசக்கிருமியோ தன்னைப் பிடித்த காவலனுக்குள்ளேயே குடியேறி வாழும் ஆற்றல் பெற்றது.

பெருங்குடற் புற்றும் இதே வலப்பகுதியில் தோன்றக்கூடும். இங்கே குடல் அகன்றது. உள்ளிருக்கும் பொருளும் நீர்த்தது. எனவே கட்டி வளர்ந்தாலும் அடைப்பு விரைவில் ஏற்படுவதில்லை. இரத்தச் சோகை, இளைப்பு, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்ற அளவிலேயே நோய் வெளிப்படுகிறது. குடற்காசமும் அப்படியே வெளிப்படலாம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

இருமல் இல்லாத காசம்

"இருமலே இல்லாதவருக்குக் காசமா?" என்று எங்கள் உறவினர் ஒருவர் மருத்துவரையே மடக்கினார். நம்மில் பலரும் அவ்வாறே எண்ணுகிறோம். காசக்கிருமி குடலை அடையப் பல வழிகள் உள்ளன. நுரையீரல் காசமுள்ளவர் தம் சளியை விழுங்குவது ஒன்று. இரத்தத்தின் வழியே பரவுவது மற்றொன்று. அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலிருந்தும் உறுப்புகளிலிருந்தும் பரவலாம். மாடுகளைத் தாக்கும் காசக்கிருமி காய்ச்சாத பாலின் வழியாகவும் வரலாம். பாலைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் நம் தாய்மார்களின் வழக்கம் எத்துணை அறிவியல் சார்ந்தது என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். குடற்காசம் உடையவர்களில் பலருக்கு மார்பு எக்ஸ்-ரே படம் சுத்தமாகவே இருக்கும். மாமாவின் படமும் அப்படித்தான் இருந்தது.

குடலை அடைந்த கிருமி மூன்று விதமாக வேலை செய்கிறது. சிலருக்குப் புண்களை உண்டாக்குகிறது. சிலருக்குச் சுவரைத் தடிக்கச் செய்து கட்டியாக்குகிறது. சிலருக்குப் புண்ணும் தடிப்பும் கலந்து வருகின்றன. தடிப்பு வகையே புற்றுநோயின் வேடம் பூணுவதில் முதன்மையானது.

வெளி அடையாளங்கள் போதுமா?

மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் காசத்தை நினைவூட்டுபவை. வயது முதிர்வும் மலத்தில் இரத்தமும் புற்றை நினைவூட்டுபவை. எனினும் காய்ச்சலே இல்லாத காசமும் உண்டு. இளம் வயதில் வரும் புற்றும் உண்டு. உடல் இளைப்பு இரண்டிற்கும் பொது.

ஆய்வுக்கூடச் சோதனைகளும் தனித்தனியே முடிவு கூறுவதில்லை. தோலில் ஊசியிட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை, காசக்கிருமி ஒருவர் உடலில் என்றோ நுழைந்ததைக் காட்டலாம். இன்றைய கட்டி அதனால் வந்ததா என்று காட்டாது. நம் நாட்டில் கிருமியை உடலில் உறங்க வைத்துக்கொண்டு நலமாக நடமாடுவோர் பலர். சி.ஈ.ஏ. என்னும் இரத்தச் சோதனையின் அளவு புற்றுநோயிலும் சில வேளைகளில் இயல்பாகவே இருப்பதுண்டு. பெட் ஸ்கேன் என்பது குளுக்கோஸைப் பேராசையுடன் உண்ணும் திசுக்களை ஒளிரச் செய்யும் படம். புற்றுச் செல்கள் ஒளிர்வது போலவே காசத்தால் அழற்சியுற்ற திசுவும் அதில் ஒளிரும். பெண்களுக்கு வயிற்று உறையில் காசம் வந்து நீர் கோத்துக்கொண்டால், சி.ஏ. 125 என்னும் இரத்தப் பொருள் உயர்ந்து சினைப்பைப் புற்று என மயங்கச் செய்வதும் உண்டு.

வேடமிடுவோர் இவ்விருவர் மட்டும் அல்லர். 1932-இல் நியூயார்க்கில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மருத்துவர்கள் சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும் ஓர் அழற்சி நோயை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். கிரோன் நோய் எனப்படும் அதற்கும் குடற்காசத்திற்கும் வேறுபாடு காண்பது இன்றும் மருத்துவர்களுக்குக் கடினமான பணி. கிரோன் நோய்க்கு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளைத் தருவார்கள். உண்மையில் இருப்பது காசமானால் அம்மருந்து கிருமிக்கு விருந்தாகிவிடும்! அமீபாவும் குடலில் கட்டியை உண்டாக்கிப் புற்றைப் போல் தோன்றச் செய்வதுண்டு.

நோயின் பெயர் தவறிப்போவது எவ்வளவு பெரிய இழப்பாக முடியலாம் என்பதற்கு நம் கணிதமேதை இராமானுஜனின் வாழ்வையே கூறலாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பயின்ற அவர், இங்கிலாந்தில் இருந்தபோது 1917-இல் நோயுற்றார். காசநோய் என்றே கருதிச் சிகிச்சை அளித்தனர். தாயகம் திரும்பி 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் தம் 32-ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். அவருடைய நோய்க்குறிப்புகளை மீண்டும் ஆராய்ந்த டி. ஏ. பி. யங் என்னும் மருத்துவர், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கும் என்று 1994-இல் எழுதினார். அக்கருத்து சரியானால், உரிய பெயர் தெரியாமலே ஒரு பேரறிவை நாம் இழந்திருக்கிறோம்.

திசு கூறும் சாட்சி

அப்படியானால் உண்மையைக் கூறுவது எது? திசுதான். ஆசனவாய் வழியே வளையும் குழாய் ஒன்றைச் செலுத்திப் பெருங்குடலை உள்ளே பார்ப்பதைக் கொலனோஸ்கோப்பி என்பர். காசப் புண்கள் பெரும்பாலும் குடலைச் சுற்றி மோதிரம் போல் குறுக்காகப் படர்ந்திருக்கும். சந்தியிலுள்ள வால்வு சிதைந்து திறந்தே கிடக்கும். புற்றோ முரடாக, தொட்டால் இரத்தம் கசியும் கட்டியாக நிற்கும். இவையும் குறிப்புகளே அன்றித் தீர்ப்பு ஆகா. அவ்விடத்திலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இதுவே பயாப்சி என்னும் திசுச் சோதனை.

காசமானால் அங்கே கிரானுலோமா எனப்படும் மணி போன்ற செல் திரட்சிகள் காணப்படும். அவற்றின் நடுவே திரிந்த பாலின் கட்டி போன்ற சிதைவு இருக்கும். பல உட்கருக்கள் குதிரை இலாட வடிவில் அடுக்கப்பட்ட பெருஞ்செல்களும் இருக்கும். 1868-இல் இவற்றை விவரித்த லாங்கன்ஸ் என்பவரின் பெயராலேயே அவை வழங்குகின்றன. புற்றானால் சுரப்பிச் செல்கள் ஒழுங்கு குலைந்து எல்லை மீறிப் பரவியிருக்கும்.

கிருமியையே நேரில் காண முடியாதா என்று வினவலாம். இராபர்ட் காக் 1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் காசக்கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். சீல்-நீல்சன் சாய முறையில் அது நீலப் பின்னணியில் சிவந்த குச்சி போல் தெரியும். ஆனால் குடல் திசுவில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். வளர்த்துப் பார்க்கலாம் என்றால், பல பாக்டீரியங்கள் அரை மணி நேரத்தில் இரண்டாகும்போது இது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். வளர்ப்புச் சோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்றுள்ள ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமியின் மரபுப்பொருளைக் கண்டுபிடிக்கிறது. கிருமி உண்டு என்று அது கூறினால் நம்பலாம். இல்லை என்று கூறினால் காசம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

மற்றொரு சிக்கலும் உண்டு. காசத் திரட்சிகள் குடற்சுவரின் மேற்படலத்திற்குக் கீழே ஆழத்தில் ஒளிந்திருக்கும். மேலோட்டமாக எடுத்த துணுக்கில் அவை அகப்படுவதில்லை. மாமாவுக்கு நேர்ந்ததும் இதுவே. முதல் சோதனையில் 'பொதுவான அழற்சி. குறிப்பிட்ட மாற்றம் இல்லை' என்றே பதில் வந்தது. "மறுபடியும் குழாயா? போதும் மாப்பிள்ளை, வீட்டுக்குப் போயிடலாம்" என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அவரை அந்த நிலைக்கு ஆளாக்கியதில் என் அரைகுறை வாசிப்புக்கும் பங்குண்டு. "ஒண்ணுமில்லைன்னு யாரும் சொல்லலை மாமா. இன்னும் தெரியலைன்னுதான் சொல்லியிருக்காங்க" என்று கெஞ்சி அழைத்துச் சென்றேன். இரண்டாம் முறை புண்ணின் விளிம்பிலிருந்தும் அடியிலிருந்தும் பல துணுக்குகளை ஆழமாக எடுத்தனர். கிரானுலோமா தெளிவாகத் தெரிந்தது. புற்றுச் செல் ஒன்றும் இல்லை. அந்த அறிக்கையைக் கடைசி வரி வரை மூன்று முறை படித்த பிறகே வீட்டாரிடம் கூறினேன்.

மறுபக்கமும் இரண்டும் சேர்ந்த நிலையும்

மாமாவின் பக்கத்துப் படுக்கையில் ஒரு முதியவர் இருந்தார். அவருக்கும் அதே இடத்தில் கட்டி. படத்தை மட்டும் பார்த்துக் காசம் என்று எங்கோ கூற, ஐந்து மாதங்கள் மாத்திரை உண்டிருக்கிறார். வலி குறையவில்லை. பின்னர் திசு எடுத்துப் பார்த்தபோது அது புற்று என்று தெரிந்தது. அவருடைய மகன் வராந்தாவில் உட்கார்ந்து, "அஞ்சு மாசம் போச்சே" என்று திரும்பத் திரும்பக் கூறிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வந்த நல்ல செய்தியை அவர் எதிரில் பேசுவதற்கு எங்களுக்கு நாவெழவில்லை. தவறு எந்தப் பக்கம் நேர்ந்தாலும் விலை கொடுப்பவர் நோயாளியே என்பதை அன்று உணர்ந்தேன்.

அறுவையில் வெட்டியெடுத்த ஒரே குடல் துண்டில் காசமும் புற்றும் சேர்ந்திருந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இதற்கு மூன்று விளக்கங்கள் கூறப்படுகின்றன. நெடுநாள் அழற்சி செல்களைப் புற்றின் பாதையில் திருப்பலாம் என்பது ஒன்று. புற்றினால் எதிர்ப்பாற்றல் குன்றி, உறங்கிய கிருமி விழித்தெழலாம் என்பது மற்றொன்று. காசம் மலிந்த நாட்டில் இரண்டும் தற்செயலாக ஒருவரிடமே சேரலாம் என்பது மூன்றாவது. காரணம் எதுவாயினும், பாடம் ஒன்றே. ஒரு நோய் கிடைத்துவிட்டது என்பதற்காகத் தேடலை நிறுத்திவிடக் கூடாது. காச மருந்து தொடங்கி இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் கொலனோஸ்கோப்பி செய்து புண் ஆறியதா என்று பார்ப்பதன் நோக்கம் இதுவே. ஆறவில்லையெனில், முதலில் இட்ட பெயரையே ஐயுற வேண்டும். மருந்தை எதிர்க்கும் கிருமியா, கிரோன் நோயா, ஒளிந்திருக்கும் புற்றா என்று மறுபடி ஆராய வேண்டும்.

மருந்தும் சென்னையின் பங்கும்

குடற்காசத்திற்கு இன்று பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை போதுமானது. முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகள்; அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இவை இலவசம். சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018-இல் தொடங்கி, 2024 நவம்பர் முதல் அத்தொகை 1,000 ரூபாய் ஆக்கப்பட்டுள்ளது.

இம்மருத்துவ வளர்ச்சியில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நோயாளியைச் சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. வீட்டிலிருந்தபடியே மருந்துண்ட ஏழை நோயாளிகளும் ஏறத்தாழ அதே அளவு குணமடைகின்றனர் என்று அம்மையத்தின் ஆய்வு 1959-இல் நிறுவியது. வயிற்றுக் காசத்திற்கு ஆறு மாதச் சிகிச்சை ஓராண்டுச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்பதைக் காட்டிய ஆய்வும் அதே நிறுவனத்திலிருந்து 1997-இல் வெளிவந்தது. தறி விற்காமல் மாமா பிழைத்ததற்கு இந்த ஆய்வுகளும் ஒரு காரணம்.

மருந்து தொடங்கிய மறுநாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு மாமா அஞ்சினார். ரிஃபாம்பிசின் என்னும் மருந்தின் நிறமே அது, அச்சம் வேண்டா. ஆனால் கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சற்று நலமானதும் மருந்தை நிறுத்துவது பெருந்தவறு. மிஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வல்லமை பெறக்கூடும். புண் ஆறும்போது தழும்பால் குடல் சுருங்கி அடைப்பு ஏற்படுவதும் சிலருக்கு உண்டு. ஆகையால் சிகிச்சை முடிந்த பின்னும் கண்காணிப்புத் தேவை.

முடிவுரை

இரண்டாம் மாத முடிவில் மாமாவுக்கு மறுபடி குழாய்ச் சோதனை நடந்தது. புண்கள் ஆறியிருந்தன. ஆறு மாதங்களையும் ஒரு நாள் தவறாமல் முடித்தார். அவர் மகளின் திருமணம் அவசரமின்றி, முதலில் குறித்த நாளிலேயே நடந்தது. தறியின் ஓசை எங்கள் வீட்டில் இன்றும் கேட்கிறது.

நண்பர்களே! நம் கல்லூரியில் பயிலும் பலர், தம் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த முதல் பிள்ளைகள். பத்திரமானாலும் மருத்துவ அறிக்கையானாலும் நம் கையில்தான் கொடுக்கிறார்கள். நாம் கூறும் சொல்லை அப்படியே நம்பிச் சொத்தை விற்கவும் துணிகிறார்கள். சோறு உண்ணாமலும் கிடக்கிறார்கள். நாம் மருத்துவர் அல்லர். 'இருக்கலாம்' என்று எழுதியிருப்பதை 'இருக்கிறது' என்று படிக்கும் உரிமை நமக்கு இல்லை. அறிக்கையைக் கடைசி வரி வரை படிப்போம், புரியாததைக் கேட்போம், திசுச் சோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் பணிவுடன் வினவுவோம். படித்ததனால் நம் வீட்டுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி இதுவே என்று கூறி இக்கட்டுரையை முடிக்கிறேன்.